காதைத் தொட்ட கை

ஓசூரில் இருக்கும் அத்தனை முழங்கால்களையும் மடக்கு சாருக்குத் தெரியும். அவற்றின் சொந்தக்காரர்கள் பெயர்தான் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் யாராவது எதிரே வந்தால், "வா வலது முட்டி! மாடிப்படி ஏறுறியா?" என்பார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடம், "மாப்ள யாரு, அந்த இடது கணுக்காலா?" என்று கேட்டவர் அவர்.

பிசியோதெரபிஸ்டான அவருக்கு நோயாளிகளிடம் "மடக்கு, இன்னும் மடக்கு" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர். ஒன்றை மட்டும் மூன்று மொழிகளில் கேட்பார்: "வலிக்குதா? நோவா? நொப்பியா?" தமிழ், கன்னடம், தெலுங்கு, எதில் ஆமாம் என்றாலும் மடக்குவதை நிறுத்த மாட்டார்.

அவர் கிளினிக்கில் நானும் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்தேன். சாமல்பட்டியில் எங்கள் குடும்பத்திலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டத்தைப் பார்த்த அப்பா, "இவ்ளோ படிச்சிட்டு கால் புடிக்கிற வேலையா கண்ணு?" என்றார். சார் எனக்கு வைத்த பெயர் 'கழுத்து'. "டிகிரி வாங்கன அன்னிக்கி நிமிந்தது, இன்னும் எறங்கல" என்பார். உண்மைதான். இறக்கும் எண்ணமும் எனக்கில்லை.

மஞ்சுளா வந்தது அப்போதுதான். கம்பெனியில் ஒயர் கோக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. சர்வீஸ் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. அறுவை சிகிச்சையை அரசுக் காப்பீடு பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு விரல்களை மடக்கிப் பழக்கும் சிகிச்சை அந்த பேக்கேஜில் இல்லை. விரல்கள் நன்றாக மடங்கிப் பிடித்தால்தான் வேலை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவளோ சில நாள் வந்துவிட்டு நின்றுவிட்டாள். சார் அவள் வீட்டுக்கே போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

"உன்ன காசு கேட்டனா?"

"கேக்கல சார். சும்மா எத்தினி நாளு வர்றது? வெக்கமா இருக்குது."

வெளியே வந்ததும் சார், "வெரல் இறுகிப்போச்சுன்னா அப்புறம் யாராலயும் மடக்க முடியாது கழுத்து" என்றார்.

மறு வாரம் மாவட்டத்துப் பிசியோதெரபிஸ்டுகள் எல்லோருமாக எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம். எங்கள் சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லி அவர் சட்டமன்றத்தில் பேச வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை.

வாசலில் உதவியாளர், "சால்வை எங்கீங்க?" என்று கேட்டார். சார், நோயாளிகளின் முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைக்கும் துருக்கித் துண்டை நீட்டினார். "சால்வையவிட இது கனம். வாங்கிக்கோங்க."

எம்.எல்.ஏ. சிரித்தபடி வாங்கக் கை தூக்கினார். கை தோளுக்கு மேலே போகவில்லை. முகம் சுளித்தது.

நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டோம். அங்கேதான் தப்பு நடந்தது.

"அண்ணா, அப்பிடியே உக்காருங்க." "முழங்கைய நான் புடிச்சிக்கறேன்." "மூச்ச வுடுங்கண்ணா." கண் மூடித் திறப்பதற்குள் எம்.எல்.ஏ. சோபாவில் மல்லாந்து கிடந்தார். ஆளாளுக்கு ஒரு பக்கம் பிடித்திருந்தோம். உதவியாளர் மட்டும், "ஐயாவ வுடுங்க, ஐயாவ வுடுங்க" என்று சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் எம்.எல்.ஏ. எழுந்து, "அட, தேவல போலக்கீதே!" என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குக் கார் ஏறிப் போய்விட்டார்.

தெருவுக்கு வந்த பிறகு சார் கேட்டார். "கோரிக்கைய யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை.

நல்ல வேளையாக, தோள் எங்களைக் கைவிடவில்லை. தினமும் வந்து பார்க்கச் சொல்லி எம்.எல்.ஏ. ஆள் அனுப்பினார். நானும் சாரும் போனோம். தூக்கிய கை காதைத் தொட்டால்தான் தோள் சரியானதாக எங்கள் கணக்கு. கை பாதி தூரம் ஏறியிருந்த ஒரு நாள் சார் சொன்னார், "இன்னியோட உங்க பேக்கேஜ் முடிஞ்சிதுங்க."

"என்னய்யா, பாதிதான போவுது?"

"மஞ்சுளாவுக்கும் அப்பிடித்தாங்க. ஆபரேஷனோட நிறுத்திட்டாங்க. மடக்க வேண்டிய வெரல் அப்பிடியே நிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு அன்றுதான் கேட்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். வாய்தான் முடிந்தது என்றது. கைகள் அந்தத் தோளை விடாமல் பழக்கிக்கொண்டிருந்தன.

அடுத்த கூட்டத்தொடரில் எம்.எல்.ஏ. பேச அனுமதி கேட்டுக் கையை உயர்த்தும் காட்சியைக் கிளினிக்கில் செல்போனில் பார்த்தோம். எங்கள் கோரிக்கையைத் தெளிவாகக் கேட்டார். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சார் பதிலைக் கேட்கவே இல்லை. "கழுத்து, பாத்தியா! காதத் தொட்டுட்டாரு!" என்று குதித்தார்.

மறுநாள் மஞ்சுளா தானாக வந்தாள். "நம்ம கைக்கோசரம் சபையிலயே கேட்டுட்டாங்க சார். இனி என்ன வெக்கம்?" என்று மேஜைமேல் கையை வைத்தாள்.

"நொப்பியா?" என்றார் சார்.

"ஆமா சார்."

"மடக்கு."

சில மாதங்களில் கம்பெனி பஸ்ஸின் கம்பியை அந்தக் கையாலேயே பிடித்து ஏறினாள். சுண்டு விரல் மட்டும் இன்னும் முழுசாக மடங்கவில்லை. பரிசீலனையும் இன்னும் முடியவில்லை. வருகிற எம்.எல்.ஏ.க்களையெல்லாம் நாங்கள் விடாமல் பார்க்கிறோம். இப்போது கோரிக்கையை முதலில் சொல்லிவிட்டுத்தான் தோளைப் பார்ப்பது.

சார் போச்சம்பள்ளிப் பக்கம் புதிய கிளினிக் போட்டுப் போய்விட்டார். ஓசூர் கிளினிக் என் பொறுப்பு. எந்தக் கூட்டத்தில் யார் கை தூக்கினாலும், அது காதைத் தொடுகிறதா என்றுதான் என் கண் பார்க்கிறது. தொட்டுவிட்டால் உடனே அவருக்கு போன் செய்வேன். சொல்வதற்கு வேறொன்றும் இருக்காது. "சொல்லு கழுத்து" என்பார். அதைக் கேட்டால் போதும்.