முன்வரிசையில் ஒரு வேதசாட்சி

இருபது ஆண்டுகளுக்கு முன் என்னை வீழ்த்திய திரைப்படத்தை, இம்முறை முன்வரிசையில் அமர்ந்து, கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலிலிருந்து முடிவுவரை பார்த்தே தீருவது என்று, தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று பூசைக்குப் பின் நடந்த ஒரு கூட்டத்தில் உறுதி பூண்டேன்.

அந்தப் படத்தின் பெயரை எழுதமாட்டேன். செபமாலை உருட்டும் விரல்கள் எழுதத் தகாத பெயர் அது. எங்கள் ஊரான வால்மெரியின் பாழடைந்த மரஅறுவை ஆலையில்தான் அதை எடுத்தார்கள். ஆறு பேர் ஆலைக்குள் நுழைவார்கள். ஒருவரும் முழுதாக வெளியே வருவதில்லை; பகுதி பகுதியாக வருவார்கள். பாரிஸில் பார்த்தவர்கள் பாதியில் எழுந்து ஓடினார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. நான் ஓடவில்லை. ஓடுவதற்கு நினைவு வேண்டும் அல்லவா?

பதினோராவது நிமிடம். கதையே தொடங்கவில்லை. ஒருவன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். கத்தி தாடையில் இலேசாகப் பட்டது. ஒரு சொட்டு. அவ்வளவுதான். மேயரின் மனைவி மடியில் நான் சாய்ந்துவிட்டேன். தீயணைப்பு வீரர்கள் நால்வர் வந்து என்னைத் தூக்கிச் சென்றபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதாம்.

மயங்கியவன் பள்ளி ஆசிரியனாகவோ தபால்காரனாகவோ இருந்திருந்தால் ஊர் மன்னித்திருக்கும். நான் பன்றி இறைச்சிக் கடைக்காரன். மூன்று தலைமுறை. பன்றியின் இரத்தத்தில் வெங்காயமும் கொழுப்பும் பாலேடும் கலந்து, குடலில் அடைத்து அவிப்பதைப் பூதேன் என்போம். அதற்கு நார்மண்டி முழுவதும் பெயர்போனது எங்கள் கடை. அந்தப் படத்தில் ஓடிய நாற்பது லிட்டர் இரத்தமும் எங்கள் கடையிலிருந்துதான் போயிற்று.

வாசகர்களிடம் மறைத்துப் பயனில்லை. கடையின் முன்புறம் வெள்ளை மேலங்கியோடு நின்று புன்னகைப்பவன் மட்டுமே நான். பின்கட்டில் முழங்கைவரை வாளிக்குள் விட்டு, இரத்தம் உறையாமல் கிளறுபவள் என் மனைவி ஒதீல். முப்பத்தோர் ஆண்டுகளாக இதுவே ஏற்பாடு. அந்தப் பின்கட்டுக் கதவை நான் திறந்ததே இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று வேதப் புத்தகத்துச் சங்கீதம் சொல்வேன்.

இப்போது ஏன் இந்த வீரம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் பூதேன் மன்றம் என்று ஒன்று உண்டு. அரசர் இல்லாத நாட்டில் அரசனைப் போல் உடுத்திக்கொள்ள அது ஒன்றே வழி. எல்லோருக்கும் கருஞ்சிவப்பு அங்கி, கழுத்தில் பதக்கம்; தலைவருக்கு மட்டும் இறகு வைத்த தொப்பி. பழைய தலைவர் முதுமையால் விலகினார். அந்த நாற்காலி எனக்கே உரியது என்று நான் அமைதியாகக் காத்திருந்தேன். அப்போது மன்றக் கூட்டத்தில் எழுந்தார் கிஸ்லேன். எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரர்.

“ஒரு சின்ன சந்தேகம். நம்ம மன்றம் ரத்தத்துக்குப் பேர்போனது. அதுக்குத் தலைவர், ஒரு சொட்டைப் பார்த்து மேயர் பொண்டாட்டி மடியில விழுந்தவரா?”

பத்துப் பேர் சிரித்தார்கள். கூட்டத்தை நடத்திவைக்க வந்திருந்த பங்குச்சாமியார் மட்டும் சிரிக்கவில்லை, அவர் இருமினார்.

நான் எழுந்தேன். “வர்ற ஞாயித்துக்கிழமை அந்தப் படத்தோட இருபதாவது வருஷம்னு நம்ம ஊர் தியேட்டர்ல மத்தியானம் மறுபடி போடுறாங்க. முன்வரிசையில உட்காருறேன். கண்ணை மூட மாட்டேன். நீங்களே பக்கத்துல உட்கார்ந்து பாருங்க கிஸ்லேன். முடிஞ்சதும் அங்கேயே ஓட்டுப் போடுங்க.”

சபை அதிர்ந்தது. நானும் அதிர்ந்தேன்.

வீட்டில் ஒதீல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, ஊர் முழுக்கச் சொல்லுது. நெஜமாவா?”

“நெஜம்தான். வேதசாட்சிகள் சிங்கத்து முன்னாடி நின்னாங்க.”

“சிங்கத்துக்கிட்ட நின்னவங்க போன வாரம் தக்காளிச் சாறு கொட்டினப்போ சோபாவைப் பிடிச்சுக்கிட்டு உட்காரல.”

“அது வழுக்குச்சு.”

“நீங்க கூடத்துல இருந்தீங்க. சாறு சமையலறையில கொட்டுச்சு.”

நான் பேச்சை மாற்றினேன். ஊர்த் திரையரங்கை நடத்துவது தன்னார்வலர் சங்கம். அதன் செயலாளர் ஒதீல்தான். “படம் எப்படி? மறுபடி பார்த்தியா?”

“போன வியாழக்கிழமை காலையில ஓட்டிப் பார்த்தோம். இப்ப பார்த்தா சிரிப்புதான் வருது. அந்த ரத்தத்தைக் கட்டி கட்டியா விட்டுட்டானுங்க. நான் கிளறிக் குடுத்தப்போ பட்டு மாதிரி இருந்துச்சு. வெயில்ல வெச்சிருப்பானுங்க, பாவிங்க.”

“ஆறு பேர் சாகுறாங்களே!”

“சாகட்டும். ரத்தத்தை ஏன் வீணாக்கணும்?” கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “கிளறுறது நான். அங்கி மட்டும் உங்களுக்கு. ஒரு பேச்சுக்குக் கேக்குறேன், அந்த நாற்காலியில நான் உட்கார்ந்தா என்ன?”

நான் சிரித்தேன். அன்போடுதான் சிரித்தேன். இறகுத் தொப்பி பெண்களின் தலைக்குப் பொருந்தாது என்று விளக்கினேன். அவள் மறுபடியும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். கண்ணீர் வரவில்லை. அவளுக்கு வெங்காயத்திலும் வராது.

இனி என் திட்டத்தைச் சொல்கிறேன். கண்ணைத் திறந்து வைத்திருப்பேன் என்றுதான் வாக்களித்தேன். பார்ப்பேன் என்று வாக்களிக்கவில்லை. என் கிட்டப்பார்வை மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றினால் மாதா சொரூபமும் மாவு மூட்டையும் எனக்கு ஒன்றே. ஆகவே பக்கத்து நகரத்துக்குப் பேருந்தில் சென்றேன். என் பழைய சட்டகத்தைப் போலவே ஒன்று வாங்கினேன். அதில் வெறும் கண்ணாடி. பவர் பூச்சியம். காதுக்கு, கோவில் மெழுகுதிரியின் அடியில் தேங்கிய மெழுகு. புனிதமான மெழுகு காதைக் காக்கும் என்பது என் நம்பிக்கை.

மனச்சான்று உறுத்தியது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

“சாமி, கண்ணாடி மாட்டிக்கிறது பாவமா?”

“இதென்ன கேள்வி ஆன்ஸெல்ம்? நானும்தான் மாட்டியிருக்கேன்.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. திருச்சபை அனுமதித்துவிட்டது.

ஞாயிறு வந்தது. பழகிக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே புதுக்கண்ணாடியை மாட்டினேன். மெழுகை உருட்டிக் காதில் அடைத்தேன். உலகம் பாலேட்டுக் குழம்பாகி, அதன் ஓசையும் அடங்கியது. ஒதீல் என் கையைத் தன் கையோடு கோத்துக்கொண்டாள். இத்தனை பரிவை நான் திருமண நாளுக்குப் பின் கண்டதில்லை. அவள் ஏதோ சொன்னாள். நான் கம்பீரமாகத் தலையசைத்தேன். ஒரு தந்திக் கம்பத்துக்கு வணக்கம் சொன்னேன்.

முன்வரிசையில் அமர்த்தினாள். வலப்பக்கம் ரொட்டி வாசனை வந்தது, கிஸ்லேன்தான். ஒதீலின் நீல நிற உருவம் மேடையேறியது. கையசைத்து ஏதோ நீளமாக அறிவித்தது. அரங்கம் கைதட்டியதை இருக்கையின் அதிர்வில் உணர்ந்தேன். தளரக்கூடாது. எல்லோரையும்விட உரக்கத் தட்டினேன். எழுந்து நின்றும் தட்டினேன்.

விளக்கு அணைந்தது. சங்கீதத்தைத் தொடங்கினேன்.

திரையில் பச்சை எழுந்தது. காடு என்று கொண்டேன்; ஆலையைச் சுற்றிக் காடுதான். பச்சையின் நடுவே மஞ்சள் தோன்றியது. ஒன்று, இரண்டு, ஐந்தாறு மஞ்சள் திட்டுகள் வரிசையாக நகர்ந்தன. என் தொழிலில் மஞ்சளாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். கொழுப்பு. படம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் கொழுப்பு வெளியே வந்துவிட்டதா? தெய்வமே! ஆயினும் நான் சாயவில்லை. நகங்கள் கைப்பிடியில் புதைந்தன. முதுகு மட்டும் பலிபீடத்துக் கல்லாக நின்றது.

பதினோராவது நிமிடத்தைக் கடந்தேன். என் வாழ்நாளில் முதன்முறை!

சுற்றிலும் இருக்கைகள் குலுங்கின. மக்கள் நடுங்குகிறார்கள் என்று இரங்கினேன். முன்வரிசையில் பலர் மிகவும் குள்ளமாகத் தெரிந்தார்கள். அச்சத்தில் ஒடுங்கிவிட்டார்கள் போலும். அவர்களில் ஒருவர் திடீரென என் மடியில் ஏறி அமர்ந்துகொண்டார். ஒரு காலத்தில் நானும் அப்படிச் சாய்ந்தவன்தானே? அவரைப் பழிக்க எனக்கு என்ன தகுதி? முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவர் என் பதக்கத்தை வாயில் வைத்துக் கடித்தார். துன்பத்தில் மனிதன் எதையெல்லாம் பற்றிக்கொள்கிறான்!

பிறகு நீலம் வந்தது. மஞ்சள் திட்டுகள் ஒவ்வொன்றாக நீலத்தில் விழுந்தன. மூழ்கடிக்கிறார்கள். முடிவில் திரை முழுதும் செந்நிறம் பரவியது. விளிம்பு முதல் விளிம்பு வரை. நாற்பது லிட்டரும் ஒரே காட்சியில்! நெற்றி வியர்த்தது. “நில்” என்று எனக்கே கட்டளையிட்டேன். நின்றேன். அதாவது, உட்கார்ந்தே நின்றேன்.

விளக்கு எரிந்தது. நான் விழவில்லை.

முன்கூடத்துக்கு ஒதீல் அழைத்துச் சென்றாள். மங்கிய சிவப்பு அங்கிகள் சூழ்ந்தன. பங்குச்சாமியாரின் கறுப்பு உருவம் ஏதோ வாசித்தது. கையில் ஒரு சீட்டைத் திணித்தார்கள். அதில் இரண்டு சாம்பல் கோடுகள். ஒன்று என் பெயர். மற்றது கிஸ்லேனாக இருக்கும் என்று ஊகித்தேன். எது எது? கேட்டால் குட்டு உடையும். தவித்து நிற்கையில் ஒதீல், குறிப்பறிந்து, என் விரல்களுக்கிடையே பேனாவை வைத்து, மணிக்கட்டைப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்தினாள். அழுத்தமாகப் பெருக்கல்குறி இட்டேன். இப்படிப்பட்ட மனைவி எத்தனை பேருக்கு வாய்ப்பாள்!

சாமியார் சீட்டுகளை எண்ணத் தொடங்கினார். நான் சுவரோரம் திரும்பி, கைக்குட்டையின் மறைவில் மெழுகை எடுத்தேன். ஓசைகள் திரும்பின. ஏனோ மிகுதியும் மழலை ஓசைகள்.

“ஆன்ஸெல்ம், ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்றார் கிஸ்லேன். அவர் குரல் விசித்திரமாக அடங்கியிருந்தது. “எந்த இடம் உங்களுக்கு ரொம்பக் கொடூரமாப் பட்டுச்சு?”

இதற்காகவே காத்திருந்தேன். பதக்கத்தின்மேல் கைவைத்தேன். அது ஈரமாக இருந்தது.

“எல்லாத்தையும் பார்த்தேன். கண்ணை இமைக்கல. ஆரம்பத்துலேயே கொழுப்பைச் சிதறடிச்சுட்டான் பாவி. அப்புறம் அந்தக் குடும்பத்தை வரிசையா நிக்க வெச்சு, ஒவ்வொருத்தரா தண்ணியில முக்கினான். அதையும் தாங்கிக்கிட்டேன். ஆனா கடைசியில அந்தத் தாயைக் கொன்னான் பாருங்க, திரை முழுக்க ரத்தம்...”

என் இடுப்பின் உயரத்தில் ஒரு சின்னஞ்சிறு குரல் வெடித்து அழுதது.

“வாத்தம்மா செத்துப்போச்சா?”

“இல்லடா கண்ணு, சாகல,” என்று ஒரு பெண் குரல் தேற்றியது. “அது சூரியன் மறையுறது. தாத்தாவுக்குச் சரியாத் தெரியல.”

“என்ன வாத்து?” என்றேன்.

“யோவ் ஆன்ஸெல்ம்,” என்றார் கிஸ்லேன். அடக்கிவைத்த சிரிப்பு இப்போது கரை உடைத்தது. “வாத்துக்குஞ்சுங்க முதல்முதலா குளத்துக்குப் போற படம்யா! ஒதீலம்மா மேடையில நின்னு சொன்னாங்களே, அந்தக் கொடூரப் படத்தை இன்னிக்குப் போடல, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்காக வாத்துப் படம் போடுறோம்னு. நீர்தானேய்யா எழுந்து நின்னு கைதட்டினீர்!”

நான் நீல உருவத்தின் பக்கம் திரும்பினேன். “ஒதீல்... உனக்குத் தெரியுமா?”

“கண்ணாடிக்கடைக்காரர் போன் பண்ணினாருங்க. ‘உங்க வீட்டுக்காரருக்குப் பவர் போட மறந்துட்டோம் போல, திருப்பி அனுப்புங்க’ன்னு பதறினாரு. மறக்கல, அதான் அவருக்குச் சரியான பவருன்னு சொன்னேன்.”

“அப்போ படத்தை மாத்தினது?”

“உங்களுக்காகத்தான். மெழுகு நழுவி அலறல் காதுல விழுந்திருந்தா? கொஞ்சமாச்சும் தெரிஞ்சிருந்தா? அந்தத் தீயணைப்புப் பசங்களுக்கும் வயசாயிடுச்சு. உங்களைத் தூக்க முடியாது.”

அவள் குரலில் கேலி இருந்தது. ஆனால் என் சட்டைக் காலரைச் சரிசெய்த கை பொய் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாகச் சுமந்த நாற்காலிக் கனவு கழன்று விழுவதை உணர்ந்தேன். சரி, கிஸ்லேனே தலைவராகட்டும். வேதசாட்சிகளும் தோற்றவர்களாகத்தான் முதலில் தெரிந்தார்கள்.

“வாழ்த்துகள் கிஸ்லேன்,” என்றேன், ஒரு தூணைப் பார்த்து.

“எனக்கு எதுக்கு வாழ்த்து? நான் நிக்கவே இல்லையே,” என்று தூணுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. “இந்த வாரம் முழுக்க ஒதீலம்மா வீடு வீடா வந்தாங்க. ஒரு தட்டுப் பூதேன் வெச்சாங்க. முப்பத்தொரு வருஷமா யாரு கிளறுறாங்கன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கப்புறம் எங்களால பேச முடியல. வாய் நிறைய இருந்துச்சு.”

அப்போது பங்குச்சாமியார் தொண்டையைச் செருமினார்.

“தேர்தல் முடிவு. தலைவர் ஒதீல். பதினோரு ஓட்டு. ஆன்ஸெல்முக்கு ஒண்ணும் விழல.”

கைதட்டல் கூரையை முட்டியது. இறகுத் தொப்பியின் மங்கல் உருவம் நீல உருவத்தின் தலையில் ஏறி, கச்சிதமாக அமர்ந்தது. இருந்தும் ஒரு கடைசி நம்பிக்கை என்னுள் துடித்தது. என் ஓட்டையாவது கணக்கில் சேர்க்க மறந்திருப்பார்கள்.

“சாமி, ஒரு சந்தேகம். நம்ம மன்றத்துல மொத்தம் எத்தனை பேரு?”

“பதினோரு பேர்தான் ஆன்ஸெல்ம். உங்களையும் சேர்த்து.”