கால் வயலின்

ஆசைப்பட்டு வாங்கும் பொருளின் விவரத்தை மனிதன் முழுதாக வாசிப்பதில்லை. வாசித்தாலும் தனக்கு வேண்டியபடிதான் விளங்கிக்கொள்கிறான். இணையத்தில் நான் பார்த்த வயலினின் படத்துக்குக் கீழே 1/4 என்று போட்டிருந்தது. நாலில் மூன்று விற்று, ஒன்றுதான் மிச்சம் என்று விளங்கிக்கொண்டேன். யாரும் முந்திவிடக் கூடாதே என்று அந்த நிமிடமே வாங்கிவிட்டேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், கல்முனையில் நான் நடத்துவது ஹார்ட்வெயார் கடை. அரையங்குலக் குழாய், முக்காலங்குல எல்போ என்று பகல் முழுக்கப் பின்னங்களோடு வாழ்கிறவன். அந்த 1/4 என்பது வயலினின் அளவு, அது சின்னப் பிள்ளைகளுக்கானது என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை.

பெட்டி வந்தது. என் மனைவி ஸபீனா திறந்து பார்த்துவிட்டு, "வடிவா, கையடக்கமா இரிக்கி" என்றாள். (அவளும் அதற்கு முன் வயலினை நேரில் பார்த்ததில்லை. நல்ல பொருத்தம்.)

யூடியூபில் ஓர் ஆசிரியரைப் பிடித்துக்கொண்டேன். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள் என்றார் அவர். என் வயலின் கணுக்காலுக்கு எட்டவில்லை. ஆறடி உடம்பை வளைத்து வளைத்துக் குனிந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இசைக் கலைஞர்களுக்கு முதுகுவலி சகஜம் என்று எங்கோ படித்திருந்ததால், கலை வளர்கிறது என்று நம்பினேன். அப்புறம்தான் கடைக்காரன் மூளை வேலை செய்தது. ஒரு பி.வி.சி. குழாயை அளவாக வெட்டி, அடியில் ஒரு பட்டி வைத்துக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, அதன் மேல் வாயில் வயலின் தலையைச் செருகினேன். கச்சிதம்! மற்றக் கலைஞர்களுக்கும் செய்து விற்கலாமா என்றுகூட யோசித்தேன்.

பக்கத்து வீட்டு ஹனிபா காக்கா ஒரு பின்னேரம் வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி நியாஸ், உங்கட தண்ணி மோட்டர்ட பெயரிங் போயிட்டு போல. அராவி அராவிக் கத்துது. ஹார்ட்வெயார் கடைய வெச்சிக்கிட்டு இதப் பாக்காம இரிக்கயே!"

"பாக்கிறன் காக்கா" என்றேன். உள்ளே ஸபீனா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

தனியாக வாசிப்பதில் ஒரு சலிப்பு உண்டு. நம்மைப் போல இன்னொருத்தனும் எங்கோ இருந்து அறுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று மனம் தேடும். முகநூலில் கிழக்குப் பக்கத்து வாத்தியக்காரர்களின் குழுவொன்றில் சேர்ந்தேன். அங்கேதான் திருக்கோவில் ஊர்க்காரர் ரமணன் கிடைத்தார். பேக்கரி நடத்துகிறவர், கீபோர்ட் வாசிப்பார். நான் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவதற்கு அவர் கீபோர்ட் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். வீடியோ மட்டும் நான் அனுப்பவில்லை. தொப்பை தெரியும்.

"சத்தம் கொஞ்சம் மெல்லிசா இருக்கு நியாஸ். உங்கட ஃபோன்ட மைக் சரியில்லப் போல" என்பார்.

அவருடைய அக்கா ஆசிரியை. ஓய்வு பெறும் நாளில் பாடசாலையில் பிரியாவிடை வைத்தார்கள். "அக்காக்குப் பிடிச்ச பாட்டொண்ட ரெண்டு பேரும் வாசிப்பம், வாங்க" என்று ரமணன் கூப்பிட்டார். அப்படி ஒரு மேடைக்கு என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. அந்த ஒரு பாட்டை வீட்டுச் சுவருக்கே மனப்பாடம் ஆகும்வரை வாசித்தேன். ஸபீனாவும் புதுச் சாரி உடுத்துக்கொண்டு வந்தாள்.

மண்டபம் நிறையப் பிள்ளைகளும் பெற்றோரும். காலையிலிருந்து பேச்சுக்கு மேல் பேச்சு. அக்கா அழுதழுது முகம் வீங்கி முன்வரிசையில் இருந்தார். எங்கள் முறை வந்தது. மேடையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தேன். பிறகு கடைப் பையிலிருந்து குழாயை எடுத்துக் காலில் கட்டினேன்.

ரமணன் வயலினைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து அக்காதான் பரிவோடு கேட்டார்:

"தம்பி, அவசரத்தில பிள்ளைட வயலின மாறிக் கொண்டு வந்திட்டீங்களா?"

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. முதுகுவலி, இடம் போதாத விரல்கள், மெல்லிய சத்தம், அந்த 1/4. ஆனால் தப்ப ஒரு வழியும் திறந்திருந்தது. "ஓம் டீச்சர்…" என்று ஆரம்பித்தேன்.

"இல்ல டீச்சர்" என்றாள் ஸபீனா, சபைக்கே கேட்கும்படி, பெருமையோடு. "இதுதான் இவர்ட. ஒவ்வொரு நாளும் இதிலதான் பழகுறவர். அந்தக் குழாயும் இவரே செஞ்சது!"

யாரோ ஓடிப்போய்ப் பாடசாலை வயலினைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். முழு அளவு. எனக்கு அது வள்ளம் போல இருந்தது. முதல் சுரம், விரல் வைக்காத சுரம், கணீரென்று வந்தது. சபை நிமிர்ந்தது. அடுத்த சுரத்துக்கு என் விரல் பழகிய இடத்தில் போய் விழுந்தது; சுரமோ அதற்கு அப்பால், எட்டாத தூரத்தில் இருந்தது. ரமணன் என்னைத் துரத்திப் பிடிக்கக் கீபோர்டில் சுருதியை மாற்றிப் பார்த்தார். நான் அங்கேயும் நிற்கவில்லை. இரண்டாவது வரியில் அவர் கையை எடுத்துவிட்டார்.

காது கொதித்தது. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். தெரிந்த பாட்டை இத்தனை பேருக்கு முன்னால் கொலை செய்துவிட்டுப் போக மனம் வரவில்லை. பெரிய வயலினைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சின்னதை எடுத்துக் குழாயில் செருகினேன்.

"திரும்ப எடுப்பமா ரமணன்?"

"எடுங்க" என்றார், உதட்டைக் கடித்துக்கொண்டு.

இந்த முறை வந்தது. மெலிசாக, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, ஆனால் பிசகாமல் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு தாளத்துக்குக் கை தட்டினார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்தியும் முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் மறுபடியும் தண்ணீர், ஆனால் இது வேறு தண்ணீர். முடிந்ததும் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்தார்.

"விடியத் தொடக்கம் எல்லாரும் என்னை அழ வைச்சவங்க தம்பி. நீங்க ஒராள்தான்…" குழாயைப் பார்த்துவிட்டு மீண்டும் சிரிக்கத் தொடங்கினார்.

இப்போது என்னிடம் முழு வயலின் இருக்கிறது. விரல்களுக்குப் புது ஊரைப் பழக்கப் பெரும்பாடு பட்டேன். ரமணனும் நானும் இன்னும் சேர்ந்து வாசிக்கிறோம். திருக்கோவில் பக்கம் எனக்குப் பெயர் "பைப் நியாஸ்". எங்கே போனாலும் "அந்தச் சின்னதக் கொண்டு வரல்லியா?" என்று ஒரு குரல் ஏமாற்றத்தோடு கேட்கும்.

வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும் உரிமை ஸபீனாவுடையது. விருந்தாளி வந்து தேத்தண்ணி ஆறுவதற்குள் தொடங்கிவிடுவாள். அவள் சொல்லச் சொல்ல வயலின் சுருங்கிக்கொண்டே போகிறது. போன பெருநாளில் அது உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. நானோ ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பருத்துவிடுகிறேன்.

வயலின் விடயத்தில் மட்டும்தான் அவள் பொய் சொல்கிறாள்.