மரை அண்ணையின் பரண்

இங்கிலாந்தில் பெய்கிற அத்தனை மழையும் தனக்கு எதிரான சதி என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் மரை அண்ணைதான்.

ஹவுன்ஸ்லோவில் அவர் வீட்டு மாடியறையில் நான் குடியிருந்தேன். அவர் இலங்கை மன்னார்க்காரர். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. வாயைத் திறந்தால் மரைதான். குடிவந்த அன்றே, "மரைன்னா என்னண்ணா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"மான் இல்லைத் தம்பி, மானுக்குப் பெரியப்பா! கொம்பு இந்தக் கதவுக்குள்ளால வராது."

என் இட்லி காய்ந்து போகும்வரை அவர் நிறுத்தவில்லை. வாலிபத்தில், கோடை நாட்களில், காட்டுக் குளத்தங்கரை மரத்தில் பரண் கட்டி, தண்ணீருக்கு வரும் மரைக்காகக் காத்துக் கிடந்தவராம். அவர் மனைவி மேரி அக்கா இதில் ஒரு வரியைக்கூட நம்பவில்லை.

"முப்பது வருசமா மரை மரை எண்டு சொல்லுறியள். ஒரு வாலைக்கூடக் காட்டேல்லை."

அந்த அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. கால் நன்றாக ஆறிவிட்டது, பயம்தான் ஆறவில்லை. விழுந்துவிடுவேன் என்று வீல்சேரை விட்டு எழவே மறுத்தார். பயிற்சி கொடுக்க வந்த பெண் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகாமல் மாதக்கணக்கில் ஜன்னலோரமே கிடந்தார். அண்ணைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அக்காவிடம் கேட்டார்: "மரை காட்டினா வெளிக்கிட்டு வருவீரோ?"

"காட்டுங்கோ, வாறன்."

ரிச்மண்ட் பார்க்கில் செம்மான்கள் உண்டு. "மரையின்ர சகோதரம்" என்றார் அண்ணை. அக்காவை வீணாக அலைக்கழிக்கக் கூடாது, முதலில் இடம் பார்க்க வேண்டுமாம். கார் என்னுடையது என்பதால் என் ஞாயிற்றுக்கிழமைகள் பறிபோயின. சோப்புப் போடக் கூடாது, பேசக் கூடாது. காற்றுத் திசை பார்க்க அண்ணை முகப்பவுடரைத் தூவுவார். அது என் கறுப்புக் கோட்டில் வந்து இறங்கும். குளத்தங்கரையில் மூன்று வாரம் பதுங்கினோம். வாத்து வந்தது. நாய் வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று பரிவாகக் கேட்டார். மான் மட்டும் வரவில்லை.

நான்காவது வாரம் மழை. காருக்குள் நடுங்கியபடி நான் வெடித்தேன்: "ஏண்ணா, நம்ம வீட்டுப் பின்பக்கமே குளமாக் கிடக்கு. மான் எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்து தண்ணி குடிக்கணும்?"

அண்ணை கார்க் கண்ணாடியைத் துடைத்து, வெளியே தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"முப்பது வருசமா லண்டனில இருந்துகொண்டு, மன்னார்க் கோடையிலயே பரண் கட்டிக்கொண்டிருக்கிறன் தம்பி! தண்ணி எல்லா இடமும் இருந்தா தண்ணியைப் பாத்து வேலையில்லை. எங்க படுக்குது, எங்க மேயுது, எங்க சேத்தில பிரளுது எண்டெல்லோ பாக்க வேணும்!"

மழையிலேயே இறங்கி நடந்தார். குளம்புத் தடம், மிதிபட்ட புதர் என்று பார்த்துக்கொண்டே போய், ரோமம் ஒட்டிக் கிடந்த ஒரு சேற்றுக் குழியைக் கண்டுபிடித்தார். அதற்கு எட்டத்தில், தார்ப்பாதை ஓரமாக ஒரு பெஞ்சு. வீல்சேர் போகும். அதுதான் பரண்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தார், மடியில் மீன் கட்லட் டப்பாவோடு.

"ஐயோ, மீன் மணத்துக்கு மரை ஓடிப்போயிடும்!"

"காத்து எங்கட பக்கம்தானே அடிக்குது? நீங்கதானே சொன்னனீங்கள்."

அண்ணை பவுடரைத் தூவிப் பார்த்தார். முழுவதும் அவர் முகத்திலேயே வந்து அப்பியது.

அக்கா இரண்டாவது கட்லட்டை முடிக்கும்போது புதருக்குள் ஓர் உறுமல் கேட்டது. பெரிய ஆண் செம்மான் ஒன்று வெளியே வந்து சேற்றில் விழுந்து புரண்டது. இடையில் இருந்த மேடு பாதியை மறைத்தது.

"கொம்பு தெரியேல்லையப்பா" என்று சொல்லிக்கொண்டே அக்கா எழுந்தார். யாரும் பிடிக்கவில்லை. ஓரடி வைத்தார். இன்னோரடி.

"மாதாவே, எவ்வளவு பெரிசு!"

திரும்பிப் பார்த்தேன். அண்ணை மானுக்கு முதுகு காட்டி நின்றார். கண்கள் அக்காவின் கால்களில். பவுடர் அப்பிய கன்னத்தில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது.

"அண்ணா, மரை!" என்று கிசுகிசுத்தேன்.

"அது நிக்கட்டும் தம்பி."

இப்போது அக்கா பூசைக்கு நடந்தே போகிறார். கோயில் வாசலில் அண்ணை அந்த மானின் கொம்பில் எத்தனை கிளை என்று விரல் விட்டு எண்ணி எல்லோருக்கும் சொல்கிறார். வாரத்துக்கு ஒரு கிளை கூடுகிறது. அவர் அந்தக் கொம்பைப் பார்க்கவே இல்லை என்பது தெரிந்தவன் நான் ஒருவன்தான். பக்கத்தில் நின்று, "ஆமாண்ணா, நானும் பார்த்தேன்" என்று தலையாட்டுகிறேன்.