பெரியபாளையத்து உண்டியலில் பதினோரு பாஸ்வேர்டுகள்

ஒரு பொருளைப் பத்திரப்படுத்துவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அப்படிப் பத்திரப்படுத்தியே ஒரு கம்பெனியை அரை நாள் படுக்கவைத்தவனும் நான்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் ஆபீஸ் உதவியாளர். எட்டாவது வரைதான் படிப்பு. ஆறு வருடமாகக் காண்ட்ராக்ட். ஒரு சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏழுமலை, திங்கக்கெழம நம்ம சரக்கு வாங்குறவங்க வர்றாங்க. கம்ப்யூட்டருங்க பாதுகாப்பா இருக்குதான்னு பார்ப்பாங்க. சாயங்காலம் கிளீனிங் ஆளுங்க உள்ள வர்றதுக்குள்ள எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடு. பாஸ்வேர்டு எழுதி ஒட்டின சீட்டு ஒண்ணுகூட கண்ணுல படக்கூடாது. நல்லபடியா முடிஞ்சா உன் பர்மனென்ட்டுக்கு நானே எழுதறேன்."

(பர்மனென்ட்! காதுக்குள் பம்பையும் உடுக்கையும் சேர்ந்து அடித்தன.)

பாஸ்வேர்டெல்லாம் முந்தின வாரம்தான் மாற்றியிருந்தார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுநடுவே கோழி கிளறிய மாதிரி குறிகள். யாருக்கும் மனப்பாடமில்லை. "திங்கக்கெழம காலைல கையில குடுத்துடறேன்" என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிவிட்டு, பதினோரு கம்ப்யூட்டரையும் அணைத்து, பதினோரு சீட்டையும் பிய்த்தேன்.

எங்கே வைப்பது? டிராயரில் வைத்தால் துடைக்க வருகிறவர்கள் திறப்பார்கள். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மஞ்சள் துணியில் முடிந்து, வீட்டுச் சாமி அலமாரியில் வைத்தேன். அம்மனுக்கு வேண்டி முடிந்ததை எந்தத் திருடன் தொடுவான்? மனைவி தேவகியிடம்கூடச் சொல்லவில்லை. ரகசியம் என்றால் ரகசியம்!

திங்கட்கிழமை குளித்து, விபூதி பூசி, அலமாரியைத் திறந்தால் முடிச்சு இல்லை.

"தேவகி, இங்க ஒரு மஞ்சத்துணி முடிச்சு இருந்திச்சே?"

"நேத்து பெரியபாளையம் போய்க்கினு வந்தேன் இல்ல? பாப்பா ஜுரத்துக்கு நான் வேண்டிக்கினு முடிஞ்சத உண்டியல்ல போட்டேன். பக்கத்துல உங்களுதும் இருந்திச்சு. தொட்டா நோட்டு கணக்கா மெத்துனு இருந்திச்சி. பரவால்ல, மனுஷன் சில்லறைய முடியாம நோட்டா முடிஞ்சிக்கிறாரேன்னு சந்தோஷமா சேர்த்துப் போட்டுட்டேன்."

"அய்யோ, அது கம்பெனிதுடி!"

"யாருதா இருந்தா இன்னா? அம்மனுக்குத்தானே போச்சு."

கம்பெனியில் பதினோரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டருகே சரக்கேற்றிய லாரி பில்லுக்காக நின்றது. சரியாகப் பத்து மணிக்கு வந்தவர்களில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் கேட்டார்: "பாஸ்வேர்டெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நெற்றியில் விபூதியை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"பெரியபாளையத்தம்மன் உண்டியல்லம்மா."

"...அதை யாரு வேணா திறக்கலாமா?"

"முடியாதும்மா. நாள் குறிச்சி, அதிகாரிங்க வந்து, எல்லார் முன்னாலயும்தான் திறப்பாங்க. ரொம்பப் பத்திரம்."

(கடைசி இரண்டு வார்த்தையை விட்டிருக்கலாம்.)

அந்த அம்மா குனிந்து நெடுநேரம் எழுதினார். தோள் மட்டும் குலுங்கியது. சென்னையிலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்து எல்லாவற்றையும் திறந்துவிட மதியமாகிவிட்டது. லாரி டிரைவர் போகும்போது என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

"இனிமே கம்ப்யூட்டர் பக்கம் உன் நிழல்கூட விழக்கூடாது. கேன்டீனுக்குப் போய் டீ போடு" என்றார் மேனேஜர். பர்மனென்ட் பேச்சையே எடுக்கவில்லை.

போட்டேன். என் டீக்கு மயங்கியோ என்னவோ, அடுத்த வருடம் அவரே எழுதிப் பர்மனென்ட் வாங்கித் தந்தார். டீயால்தான் என்கிறேன் நான். தேவகி ஒப்புக்கொள்வதில்லை. "ஒண்ணா ரெண்டா, பதினோரு சீட்டு போட்டிருக்கேன். அம்மன் சும்மா இருப்பாளா?" என்கிறாள்.

இன்றைக்கும் வீட்டில் வண்டிச் சாவியோ ரேஷன் கார்டோ காணவில்லை என்றால், என் மகள் தேடுவதே இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறாள்:

"யம்மா, பெரியபாளையத்துக்கு அடுத்த பஸ்ஸு எத்தினி மணிக்கு?"