ஏழாம் வாசல் காவற்காரன்

அரசகுமாரனுக்கு முடிசூட்டியாயிற்று. மடிக்கணினி பீப்பீ என்று வெற்றி இசை வாசித்தது. நிமலனோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

வேறு யாராவது என்றால் எழும்பி நின்று கை தட்டியிருப்பார்கள். இருபத்தைந்து வருடமாகத் திறக்காத கதவு அல்லவா திறந்தது? ஆனால் அந்தக் கதவைத் தனியே திறப்பதில்லை என்று சசிகரனுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தான். சசிகரன் சனிக்கிழமை கனடாவிலிருந்து வருகிறான். அன்று புதன்கிழமை.

அது பழைய காலத்துக் கணினி விளையாட்டு. சுடுவதும் இல்லை, துரத்துவதும் இல்லை. ஆங்கிலத்தில் ‘வடக்கே போ’, ‘தண்ணீர் அள்ளு’ என்று தட்டினால், சதுரம் சதுரமாக ஒட்டிச் செய்த ஓர் அரசகுமாரன் அப்படியே செய்வான். ஏழு வாசல் கடந்தால் முடி. முதல் ஆறிலும் பூட்டுக்குத் திறப்பு, விடுகதை, பூதம் என்று ஏதாவது இருக்கும். ஏழாவதில் ஒரு கிழட்டுக் காவற்காரன் மட்டும் நின்று, ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்பான்.

அங்கேதான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பொடியன்கள் இருவரும் மாட்டிக்கொண்டார்கள். வெளிக்கிட்டுப் போகிற ஒருவனை மறித்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? ஊரில் என்றால் ‘தூரமோ?’ என்று பக்குவமாகக் கேட்பார்கள். புத்தியில்லாத யாராவது கேட்டுத் தொலைத்துவிட்டால், திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும். அரசகுமாரனையும் அவர்கள் அப்படியே நடத்தினார்கள். அவன் திரும்பினால் கதவு பூட்டியபடியே கிடக்கும். சத்திரத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடி கூட்டிக்கொண்டு போனால், கிழவன் மறுபடியும் அதையே கேட்பான்.

கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காக இருவரும் காத்துக் கிடந்த காலம் அது. சண்டைக் காலம் என்பதால், பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இல்லாமல் காலி வீதி என்ற பெருந்தெருவைக் கடக்கவும் பயம். லொட்ஜுக்குக் கீழே ஒரு கணினி வகுப்பு இருந்தது. இவர்களால் போக முடியாத இடத்துக்கெல்லாம் அந்தச் சதுர அரசகுமாரன் போய்வந்தான். அதனாலேயே அவன்மீது அப்படியொரு பாசம். ஒரு பின்னேரம், ஏழாம் வாசலில் நிற்கும்போதே, சசிகரனுக்கு அழைப்பு வந்தது. “தூரமோ மச்சான்?” என்று மட்டும் நிமலன் கேட்டான். சசிகரன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். நிமலனின் ஏஜென்சிக்காரன் தலைமறைவானான். நிமலன் ஊருக்குத் திரும்பி, குடிதண்ணீர் பவுசர் வண்டி அனுப்புகிற ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

பிறகு அந்தச் சிநேகிதம் பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் என்ற அளவுக்கு வற்றிப்போனது. இரண்டு மாதத்துக்கு முன் இணையத்தில் அந்த விளையாட்டு தற்செயலாகக் கிடைத்தது. ‘ஏழாம் வாசலடியிலை நிக்கிறன்’ என்று நிமலன் ஒரு செய்தி போட்டான். போட்ட கையோடு அழைப்பு வந்தது.

“டேய், தொட்டிடாதை! நான் வாறன். ரெண்டு பேரும் சேந்துதான் திறக்கிறது. இவ்வளவு வருசமும் நான் அதின்ரை பக்கமே போகேல்லை, சத்தியமா!”

சொன்னதோடு நிற்காமல் நிமலனிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு டிக்கெட்டும் போட்டுவிட்டான். நிமலனுக்கு அன்று இரண்டு வயது குறைந்தது.

அப்படியிருக்க, புதன்கிழமை மதியம் சாப்பிட வந்தவன், கிழவனை ஒருக்கால் பார்த்துவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்தான். கிழவன் வழக்கம்போலக் கேட்டான். அந்த நேரம் பார்த்து மனைவி கிருசாந்தி குசினியிலிருந்து, “சோறு ஆறுது, எழும்பி வாங்கோ!” என்று கத்தினாள். நிமலனின் விரல்கள் தன்பாட்டில் ‘வீட்டுக்கு’ என்று தட்டிவிட்டன.

கதவு ஆவென்று திறந்தது. இவ்வளவு காலமும் கிழவன் எதிர்பார்த்தது ஒரு மரியாதையான பதிலைத்தான். முடி சூடிய கையோடு விளையாட்டு முடிந்து, சேமித்து வைத்திருந்த இடமும் அழிந்துபோயிற்று.

ஒரே வழி, முதலிலிருந்து விளையாடி, சனிக்கிழமைக்குள் அரசகுமாரனைத் திரும்பவும் ஏழாம் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது. அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொன்னான். கிருசாந்தியிடம், அவசர அலுவலக வேலையை வீட்டிலிருந்து செய்கிறேன் என்றான். இரண்டு பொய்யும் தனித்தனியே பார்த்தால் நல்ல பொய்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டும் வாசலில் சந்தித்துக்கொண்டன. அலுவலகத்தில் கூட வேலை செய்யும் மயில்வாகனம் அண்ணை, நெஸ்டமோல்ட் சத்துமாப் பேணியும் முந்திரிகைப் பழமுமாக வந்து நின்றார்.

“நிமலனுக்கு இப்ப எப்பிடி பிள்ளை? காய்ச்சல் விட்டுட்டுதோ?”

“காய்ச்சலோ? உங்கட ஒபிஸ் வேலையைத்தானே அண்ணை மனிசன் குந்தின இடத்தை விட்டு எழும்பாமல் செய்யுது!”

அறைக்குள் நிமலன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகினான்.

“காய்ச்சலோடைதான் செய்யிறன் அண்ணை.”

மயில்வாகனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டப் போய்த் திரையை எட்டிப் பார்த்தார்.

“இதென்ன தம்பி, எங்கை பாத்தாலும் கிணறாய்க் கிடக்கு?”

“தண்ணித் திட்டம் அண்ணை.”

“எங்கட மடத்துவெளிப் பக்கமோ?”

“ஓம்… கிட்டமுட்ட.”

“இந்தா நிக்குதே பூதம் மாதிரி ஒண்டு?”

“அது பழுதான மோட்டர்.”

“நெருப்புக் கக்குது!”

“அதுதானே அண்ணை பழுது எண்டனான்.”

கிருசாந்தி கணவனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சலும் இல்லை, கணகணப்பும் இல்லை. அப்படியென்றால் ஏன் முனகுகிறார்? பயந்துபோனாள்.

“வேலை கூடி இவருக்கு மண்டை பிசகிப்போச்சு. அண்ணை, உந்தப் பெட்டியைக் கொண்டு போங்கோ. திங்கட்கிழமை வரைக்கும் இவரின்ரை கண்ணிலை காட்டாதையுங்கோ!”

“ஐயோ, அது ஏலாது!” என்று நிமலன் கட்டிலிலிருந்து பாய்ந்தான். நோயாளி பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்த மயில்வாகனம், மடிக்கணினியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு போய்விட்டார். கிருசாந்தி ஒரு கை திருநீற்றை அள்ளி நிமலனின் நெற்றியில் அப்பினாள்.

சனிக்கிழமை காலை. சசிகரன் யாழ்ப்பாணத்தில் இறங்கி வாகனம் ஏறிவிட்டான் என்று செய்தி வந்தது. நிமலன் அப்பிய திருநீறோடு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

“எங்கை போறியள்?” என்றாள் கிருசாந்தி. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் வாயில் வராத கேள்வி.

தலை போகிற அவசரம்தான். ஆனாலும் வண்டியை நிறுத்தி, உள்ளே வந்து, கதிரையில் இருந்து, ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு எழும்பினான்.

“அப்ப… தூரமோ?” என்று அவள் திருத்திக்கொண்டாள்.

“மடத்துவெளி மட்டும்.”

மயில்வாகனம் துக்க வீட்டு முகத்தோடு படலையடியில் நின்றார்.

“தம்பி, உம்மடை எஞ்சினியர் கிணத்துக்கை விழுந்திட்டார்.”

“எந்த எஞ்சினியர்?”

“திட்டத்திலை நிண்ட ஆள்தான். தண்ணி எவ்வளவு ஆழமெண்டு பாப்பம் எண்டு இறக்கினனான். ‘வெளியிலை வா’ எண்டு எத்தினை தரம் அடிச்சும் மனிசன் கேக்கேல்லை.”

நல்லவேளையாக நிமலன் ஆறாம் வாசலில் சேமித்து வைத்திருந்தான். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தவனை மயில்வாகனம் முந்திக்கொண்டார்.

“ஒபிஸ் பெரியவருக்கும் சொல்லிப்போட்டன். திங்கட்கிழமை அந்தப் பழுதான மோட்டரைப் பாக்க எல்லாரும் வருகினமாம்.”

அதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைப் பறித்துக்கொண்டு பறந்தான்.

அவன் வீடு வந்து சேரவும் சசிகரனின் வாகனம் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தலை நரைத்து, வயிறு வைத்து, குளிர் கண்ணாடியோடு இறங்கினான் சசிகரன். பின்னால் மனைவி தர்சனா. சிநேகிதர்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடித்ததும் சசிகரன் கிணற்றடிக்குக் குளிக்கப் போனான். அவன் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து முடிப்பதற்குள், நிமலன் அரசகுமாரனை ஓட ஓட விரட்டி ஏழாம் வாசலில் நிறுத்தினான். துவாயோடு வந்த சசிகரன் திரைக்குக் கிட்டக் குனிந்தான்.

“அப்பிடியே நிக்கிறான் மச்சான்.”

“அப்பிடியேதான்,” என்றான் நிமலன், மூச்சு வாங்க.

“உதுக்கே காய்ச்சலும் முனகலும்?” என்று கிருசாந்தி தலையில் அடித்துக்கொண்டு தேத்தண்ணீர் போடப் போனாள்.

காவற்காரன் கேட்டான். ‘எங்கே போகிறாய்?’

“கேட்டுட்டான்! திருப்படா, திருப்பு!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். சத்திரம். தண்ணீர். மறுபடி வாசல்.

“கேட்டுட்டான்!”

சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது. தேத்தண்ணீர் ஆறியது. வெள்ளவத்தைக் கடற்காற்று வந்து முகத்தில் அடித்ததுபோல நிமலனுக்கு இருந்தது. ஒரு சொல் தட்டினால் எல்லாம் முடிந்துவிடும். முடியவே கூடாது என்றிருந்தது அவனுக்கு. சசிகரனின் விரலும் ஒருமுறை எழுத்துப் பலகைக்குக் கிட்டப் போய்ச் சுட்டதுபோலத் திரும்பியது.

“ஏன் மச்சான், நீ அவனுக்கு ஏதும் பதில் அடிச்சுப் பாத்தனியோ?” என்று கேட்டான் சசிகரன்.

“நானோ? சீச்சீ! நீ?”

“லொட்ஜை விட்டு அண்டைக்கு வெளிக்கிட்டனான்தான். இண்டைக்குத்தான் கண்ணாலை காணுறன்.”

அந்தப் பச்சைப்பிள்ளை முகத்தைப் பார்க்க நிமலனுக்கு நெஞ்சு அறுத்தது. இவ்வளவு காலம் வாக்குக் காத்தவனை ஏமாற்றிக்கொண்டு இருக்கிறோமே! அரசகுமாரனை மறுபடி சத்திரத்துக்குத் திருப்பியவன், பாதி வழியில் கையை எடுத்துவிட்டான்.

“மச்சான், நான் உன்னட்டை ஒண்டு சொல்லவேணும்…”

சாய்மனைக் கதிரையில் விசிறிக்கொண்டு கிடந்த தர்சனாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“நிமலன் அண்ணா, இவர் ஏன் இண்டைக்கு இப்பிடி முழிக்கிறார் எண்டு எனக்கு விளங்கேல்லை, கலியாணம் முடிச்ச முதல் கிழமையே அந்தக் கிழவனுக்குப் பதில் சொல்லி, அரசகுமாரனுக்கு முடியையும் சூட்டி எனக்குக் காட்டினவரெல்லோ!”