அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு வந்த 'முதல் வெடி'

தேனி,
புதன்கிழமை.

அன்பிலும் அறிவிலும் எப்படியோ, தலைமுடி வளர்ப்பதில் நம் வம்சத்தையே மிஞ்சிவிட்ட மருமகப்பிள்ளை வினோத்ராஜுக்கு,

உன் தாய்மாமன் முத்துராஜா ஆசிகளோடும், இன்னும் அடங்காத காதிரைச்சலோடும் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் அப்பாவும், காது நீங்கலாக, கர்த்தர் கிருபையால் சுகம். பெங்களூரில் நீயும் உன் கூட்டாளிகளும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். முக்கியமாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை வைகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு ஜீவன்கூட நம்பாது என்று மனப்பூர்வமாக வாக்களித்துத் தொடங்குகிறேன். வாட்சப்பில் போட்டால் உன் அப்பா குடும்பக் குழுவில் படித்துவிடுவார் என்பதால்தான் தபால். உங்கள் 'குவாரி' இசைக்குழுவின் முதல் ஆல்பமான 'முதல் வெடி'யைக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒளிக்காமல் எழுதச் சொல்லியிருந்தாய். ஸ்டுடியோ கிடையாது, பெரிய கம்பெனி கிடையாது, லீவுக்கு ஊருக்கு வந்தபோது நம் கடைக் குடோனில் முட்டை அட்டையை ஒட்டிவைத்து நாங்களே பதிவு செய்தோம், எதையும் திருத்தவில்லை, அசல் பச்சை ஒலி என்றெல்லாம் பெருமைப்பட்டிருந்தாய். திருத்தவில்லை என்பது கேட்டவர்களில் ஒருவருக்கும் சந்தேகமில்லாமல் விளங்கியது.

நீ அனுப்பிய பென்டிரைவ் வந்து சேர்ந்தது அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும். முதலில் காய்த்த தக்காளி, முதலில் வெட்டிய வாழைத்தார், முதலில் ஈன்ற ஆட்டின் குட்டி எல்லாம் முதற்பலன் என்று ஆலயத்துக்கு வந்து, ஆராதனை முடிந்ததும் காம்பவுண்டில் ஏலம் போகும். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? எவர்சில்வர் தட்டில் திராட்சைக் கொத்துகளைப் பரப்பி, நடுவில் உன் பென்டிரைவை வைத்து, ஒரு பூசணிக்காய்க்கும் ஒரு கட்டுச்சேவலுக்கும் இடையில் கொண்டுபோய்ப் படைத்துவிட்டாள். நான் பதறிப்போய், "ஏ அக்கா, இது என்ன கத்தரிக்காயா?" என்றேன். "பிள்ள மொதமொதல்ல ஒண்ணு வெளைய வச்சிருக்கான். ஆண்டவருக்குக் குடுக்காம நம்மளே வச்சுக்கிட்டா அடுத்து வெளையுமா?" என்றாள்.

அடுத்தது விளையவே கூடாது என்று இரவும் பகலும் ஜெபித்துக்கொண்டிருக்கும் உன் அப்பா ஞானதுரை இதைக் கேட்டுவிட்டார். இரும்புக்கடை முதலாளி அல்லவா, சபையார் முன்னிலையிலேயே பூட்டுப் போட்டார். "நம்ம சொந்தக்காரன் இல்லாத ஒருத்தன், கேக்குறதுக்குன்னு இதை ஏலத்துல எடுக்கட்டும். அப்புறம் எம் மகன் இஷ்டத்துக்கு ரெண்டாவது வெடி, மூணாவது வெடி வெடிக்கட்டும், நான் வாயத் தொறக்கல. ஒருத்தனும் எடுக்கலைன்னா அவன் மறு பஸ் ஏறி வந்து கல்லாவுல உக்காரணும். கிட்டாரை நானே பழைய இரும்புல போட்டுருவேன்." உன் அம்மா ஒரு நிமிஷம் சேவலைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், "சரி" என்றுவிட்டாள். அப்போதுதான் உன் எதிர்காலம் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு உறைத்தது.

ஏலம் போட்டவர் சபைச் செயலர் ஜெபமணி. பென்டிரைவை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "போட்டுக் காட்டுங்கய்யா! ஆட்டையே பல்லைப் பாத்துத்தான எடுக்கோம்" என்று கூட்டம் கத்தியது. மைக்செட் கருத்தக்கண்ணன் அதை வாங்கிச் சொருகினான். அடுத்து நடந்ததை நான் குறைத்தே எழுதுகிறேன். முதல் அடியில் பூசணிக்காய் பிளந்தது. இரண்டாவது அடியில் கட்டுச்சேவல் கொக்கரிப்பதை விட்டுவிட்டு, காணிக்கையாக வந்த முட்டைகள்மேல் ஏறி அடைகாக்க உட்கார்ந்தது. ஜெயமங்கலத்தில் தோப்புத் தோப்பாகத் தேங்காய் தானே இறங்க, மரமேறிகள் கீழே நின்று வேடிக்கை பார்த்தார்கள். போடியில் இடியென்று நினைத்து ஊரே கொடியில் காய்ந்த துணியை எடுத்தது. மத்தியான விருந்துக்கு வைத்திருந்த பிரியாணி அண்டாவின் மூடி தானாகத் திறந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

நீ கேட்ட அபிப்பிராயங்கள் அதன்பிறகு கொட்டின. பாஸ்டர் ஐயா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது எந்த ஊர் ஜெபக்கூட்டத்துல எடுத்தது? பேய் மட்டும் இம்புட்டு நேரம் பேசுது, வெரட்டுறவர் குரல் சன்னமா இருக்கே" என்று கவலைப்பட்டார். "ரெண்டுமே என் மகன்தாங்கய்யா" என்றாள் உன் அம்மா. கருத்தக்கண்ணன், "செட்டு போச்சுன்னு ரெண்டு தடவ ஆஃப் பண்ணிப் பாத்தேண்ணே. செட்டுல ஒரு கோளாறும் இல்ல" என்று என்னிடம் துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னான். ஒரு மோட்டார் மெக்கானிக், "பேரிங் போச்சு. இன்னைக்கே பாக்கலைன்னா காயில் கருகிரும்" என்றார். பாடகர் குழுவில் பாடும் ஜெஸ்லின் மட்டும் மரியாதையாகக் கேட்டாள்: "மாமா, நாலு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுறாகளா?" உன் அப்பா சும்மா இருப்பாரா? "லாரியில இருந்து கம்பி எறக்குற சத்தம் நம்ம கடையில தெனமும் ஓசியில கேக்குது. இதுக்குப் பெங்களூரு வரைக்கும் போகணுமா?"

மூன்றாவது பாட்டு நடுவில் எல்லாச் சத்தமும் சட்டென்று நின்று, ஹாரன் ஸ்பீக்கரில் உன் அம்மாவின் குரல் வந்தது: "ஏலே, தோசை ஆறுது, தின்னுட்டு வந்து அடிங்கலே!" குடோனில் பதிவானதை அப்படியே விட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு விழுந்த முதல் கைதட்டல் அதற்குத்தான். உன் அம்மா எழுந்து நின்று, "அது நான்தான்!" என்று நாலு பக்கமும் கும்பிட்டாள். அந்த ஒரு வரி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று ஜெபமணி விசாரித்தார்.

பாட்டு முடிந்தது. "ஒரு தரம்" என்றார் ஜெபமணி. சபையார் அவரவர் செருப்பை ஆராய்ந்தார்கள். உன் அப்பா மீசையைத் தடவினார். "ரெண்டு தரம்." உன் அம்மா சேலை முந்தியை விரலில் சுற்றத் தொடங்கினாள். அப்போது சேவல் எடுக்க வருஷா வருஷம் கோம்பையிலிருந்து வரும் ஒச்சாண்டி கையைத் தூக்கினான். "நான் எடுக்கேன்."

"நீ எதுக்குய்யா எடுக்க?" என்று பாய்ந்தார் உன் அப்பா.

"காட்டுப்பன்னிய வெரட்ட, மொதலாளி. மலையடியில மக்காச்சோளம் போட்டிருக்கேன். வேட்டுச் சத்தம் அதுகளுக்குப் பழகிப்போச்சு. இது பழகாது."

"செல்லாது! கேக்குறதுக்குன்னு எடுக்கணும்னு சொல்லியிருக்கேன்."

"பன்னிக்குப் போட்டுவிட்டா, காவல் பரண்ல உக்காந்திருக்க நான் காதைக் கழத்தியா வைக்க முடியும்? நானுந்தான கேட்டாகணும்?"

கூட்டம் பாஸ்டர் ஐயாவைப் பார்த்தது. அவர் அண்டாவைப் பார்த்தார். "பரணில் இருக்கிறவரும் கேக்கிறவர்தான். சீக்கிரம் முடிங்கப்பா" என்று தீர்ப்பளித்தார். "மூணு தரம்!" உன் அப்பா பேச்சு மாறாத மனிதர். பிளந்த பூசணிக்காயைத் தானே ஏலத்தில் எடுத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பூசணிக்காய்க் குழம்பைத் தொடவும் இல்லை.

கோம்பைச் செய்தி இன்னும் விசேஷம். முதல் இரவே பன்றிகள் குட்டிகுருமானோடு மலையேறி, குமுளி தாண்டி, அங்கேயே மலையாளம் பழகிக் குடியேறிவிட்டனவாம். காவலுக்கு வேலையில்லாமல் போன கோம்பை நாய்களெல்லாம் பஞ்சாயத்து அலுவலக வாசலில் நிவாரணம் கேட்டு உட்கார்ந்திருக்கின்றன.

ஆக, நீ ஜெயித்தாய். உன் விரல்களுக்குச் சுகமும், தொண்டைக்குக் கஷாயமும், உன் கூட்டாளிகளுக்குக் கொஞ்சம் தாளமும் கிடைக்க ஆசீர்வதிக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. அடித்துவிட்டுச் சாப்பிடாதே, சாப்பிட்டுவிட்டு அடி.

இப்படிக்கு,
ஒரு காது மட்டும் மிஞ்சிய உன் தாய்மாமன்
முத்துராஜா

பி.கு.: என் மனச்சாட்சிக்காக ஒன்று. சேவல் அடைகாக்கவில்லை, தேங்காய் விழவில்லை, பூசணிக்காயை உடைத்தது என் முழங்கை, பன்றிகள் எங்கேயும் போகவில்லை. ஒச்சாண்டியும் தானாகக் கை தூக்கவில்லை. ஆட்டுக்குட்டி கட்டியிருந்த வேம்புக்குப் பின்னால் அவனைத் தள்ளிக்கொண்டுபோய், பன்னிக் கதை, பரண் கதை எல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நானேதான். அந்தச் சத்தத்தை ஊருக்குள் உலவவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், பென்டிரைவைப் பிறகு என்னிடம் தந்துவிட வேண்டும் என்பது எங்கள் பேச்சு. நேற்று வாங்கிவரக் கோம்பைக்குப் போனேன். தரமாட்டேன் என்கிறான். "பன்னி அது பாட்டுக்கு மேஞ்சுட்டுப் போகுதுண்ணே. எனக்குத்தான் அந்த ரெண்டாவது பாட்டைக் கேக்காம இருக்க முடியல. திருப்பிக் கேட்டீகன்னா, வேம்புக்குப் பின்னாடி நடந்ததை உங்க மச்சான்கிட்டப் போயிச் சொல்லிருவேன்" என்று மிரட்டுகிறான். நான் கட்டிவிட்ட கதையில், பரணில் இருப்பவன் கேட்கிறான் என்ற அந்தச் சின்னத் துண்டு மட்டும், என்னையும் கேட்காமல், நிஜமாகிவிட்டது.