திலகன் அண்ணனின் விமானமும் நான் வெட்டிய வாலும்

ஒரு விமானத்தின் வாலை வெட்டியவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நான் மறைத்தாலும், வீட்டுக்கு வருகிறவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் என் மனைவி செல்வி சொல்லிவிடுவாள். கூடவே வீடியோவும் காட்டுவாள்.

பயப்பட வேண்டாம், நீங்கள் ஊருக்குப் போகிற விமானம் இல்லை. இது இரண்டு பேர் உட்காரும் பொடி விமானம். இங்கே வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இன்ஸ்பெக்‌ஷன் பொறியாளராக இருக்கும் திலகன் அண்ணன், பெட்டிகளில் வந்த பாகங்களைக் கொண்டு ஆறு வருடமாக லீவு நாட்களில் தன் கையாலேயே கட்டியது. யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு திருகாணியை முடுக்கினால் அதை நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் நோட்டைப் பார்த்து ஆணியைச் சரிபார்ப்பவர்.

நான் முசஃபா தொழிற்பேட்டையில், ஏசி காற்று போகும் தகட்டுக் குழாய் செய்யும் பட்டறையில் ஃபோர்மேன். கோவில்பட்டிக்காரன். தகடு வளைக்க ஆள் தேடி வந்தவருக்கு நான் கிடைத்தேன். (இன்றுவரை அது யாருடைய கெட்ட நேரம் என்று தெரியவில்லை.) பாலைவனத்துக்குள் ஒரு ஃப்ளையிங் கிளப்பின் மணல் ஓடுதளம், அதன் ஓரத்தில் வாடகை ஷெட். அங்கே மூன்று வருடம் அவருக்குக் கூடமாட வேலை செய்ததில், எனக்கும் விமானம் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

வேலை முடிந்து, அனுமதி கொடுக்கும் அதிகாரி பார்வையிட வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில், கனடாவில் தங்கை மகளுக்குக் கல்யாணம் என்று அண்ணன் ஒரு மாத லீவில் கிளம்பினார். சாவியை என்னிடம் கொடுத்தார்.

"தம்பி, கிழமைக்கு ஒருக்கா எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டால் காணும். வேற ஒண்டிலயும் நீர் கை வைக்கப்படாது."

"அண்ணே, என்னை என்னன்னு நினைச்சீங்க?"

அவர் ஷெட்டின் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். என்ன நினைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது சனிக்கிழமை, பக்கத்து ஷெட் வெள்ளைக்காரர் என்னிடம் புலம்பினார். அவருடைய விமானத்துக்கு அவரிடம் இருக்கும் எஞ்சின் பெரிதாம், சின்னதாக ஒன்று தேவையாம். நம்முடையது அறுபத்தைந்து குதிரைசக்தி. அவருடையது நூறு. எனக்குள் யாரோ மணியடித்தார்கள். சின்னதைக் கொடுத்துப் பெரியதை வாங்கிக்கொண்டால், கல்யாணம் முடிந்து வரும் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள மாட்டாரா?

மாற்றிக்கொண்டோம். எஞ்சினைத் தாங்கும் சட்டத்தைப் பட்டறையில் நானே புதிதாக வெல்டு செய்தேன். பொருத்திய பிறகுதான், பழையதைவிட இது இருபத்தைந்து கிலோ கூடுதல் என்று தெரிந்தது. விமானத்துக்கு எடை ஆகாது என்பது அண்ணன் அடிக்கடி சொல்வது. எங்கேயாவது குறைத்தாக வேண்டும்.

என் கண் வாலில் போய் நின்றது. வாலின் இரண்டு பக்கமும் குட்டி இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய இறக்கைதான் முன்னால் இருக்கிறதே, பின்னால் எதற்கு இன்னொன்று என்று எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். போர் விமானத்துக்கெல்லாம் வால் சிக்கென்று இருப்பதாகவும் ஒரு ஞாபகம். பக்கத்துக்கு ஒன்பது அங்குலம் வெட்டி, ஓரத்தை மடித்து, ரிவெட் அடித்து, பெயின்ட்டும் பூசிவிட்டேன். குறைந்த எடை மூன்று கிலோ கூட இருக்காது. ஆனால் பார்வைக்கு அருமையாக இருந்தது.

வீட்டில் சாப்பிடும்போது செல்வியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் குழம்பு ஊற்றுவதை நிறுத்தினாள்.

"ஏங்க, முன்னாடி வெயிட்டை ஏத்திட்டு, பின்னாடி வெயிட்டைக் குறைச்சா குப்புறச் சாயாதா?"

"உனக்கு விமானத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"ஏர்போர்ட் டிராலியைப் பத்தித் தெரியும்" என்றாள்.

அண்ணன் திரும்பி வரும் சனிக்கிழமை வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஷெட்டுக்குத்தான் வருவார் என்று எனக்குத் தெரியும். அவர் கார் கேட்டுக்குள் நுழையும்போது விமானம் அவரை நோக்கி ஓடிவர வேண்டும், அதுதான் என் திட்டம். (எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் அண்ணன் பக்கத்தில் இருக்க, தரையில் மெதுவாக உருட்டியிருக்கிறேன். காருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அப்போதைய என் கருத்து.) செல்வியை போனில் வீடியோ எடுக்கச் சொல்லி ஓடுதள ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினேன்.

தூரத்தில் கார் தெரிந்தது. எஞ்சினை முடுக்கினேன்.

நூறு குதிரையும் ஒன்றாகப் பாய்ந்தன. இந்த விமானத்துக்கு முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கடியில் ஒரு பொடிச் சக்கரம். நான்கு விநாடியில் வால் தரையைவிட்டு எழும்பியது. 'ஆஹா, பறக்கிறோம்!' என்று நினைத்தேன். வால் மேலும் எழும்பியது. கண்ணாடிக்கு வெளியே வானம் குறைந்து மணல் கூடியது. வாலைக் கீழே கொண்டுவர, பிடியை வயிற்றோடு சேர்த்து இழுத்தேன். வால் அசையவில்லை. அதைக் கீழே அழுத்தும் வேலையைச் செய்ய வேண்டிய பதினெட்டு அங்குலமும் ஷெட்டின் குப்பை டிரம்மில் கிடந்தது. கலவரத்தில், காரில் மிதிப்பது போல பிரேக்கை மிதித்தேன்.

அவ்வளவுதான். முன்விசிறி மணலைத் தின்று சுக்குநூறாகச் சிதறியது. எஞ்சின் ஒரு இருமலோடு நின்றது. விமானம் மூக்கை மண்ணில் ஊன்றி, குளத்தில் தலையை விட்டு மீன் தேடும் வாத்து போல, வாலை வானத்துக்கு நீட்டியபடி அசையாமல் நின்றது. நான் பெல்ட்டில் தொங்கினேன்.

செல்வியின் செருப்புகள் மட்டும் ஓடிவருவது தெரிந்தது.

"ஏங்க! இருக்கீங்களா?"

"இருக்கேன். தொங்குறேன்."

"அடி பட்டுச்சா?"

"இல்ல. வீடியோவை நிறுத்து."

"அது பாட்டுக்கு ஓடுது, இப்ப அதையா பார்க்க முடியும்?" என்றாள். குரலில் அழுகை இருந்தது. அதற்குள் கார் வந்து நின்றது.

அண்ணன் இறங்கினார். கல்யாணத்துக்குத் தைத்த கோட் இன்னும் கையில் இருந்தது. அதை அப்படியே மணலில் போட்டுவிட்டு ஓடிவந்து, ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்தார்.

"தம்பி, உமக்கு ஒண்டும் இல்லையே? கழுத்து நோகுதோ? காலை ஆட்டிக் காட்டும்."

ஆட்டிக் காட்டினேன். பெட்ரோல் ஒழுகவில்லை என்று சுற்றிப் பார்த்து உறுதி செய்தார். அப்புறம்தான் நிமிர்ந்து வாலைப் பார்த்தார்.

"எவ்வளவு வெட்டினனீர்?"

"ஒன்பது இன்ச், அண்ணே. ரெண்டு பக்கமும்."

"அளந்து வெட்டினனீரோ?"

"அளந்துதாண்ணே வெட்டினேன்."

"அது போதும், நோட்டில எழுதலாம்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை இறக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஷெட்டுக்குள் போய் அந்த ஆறு வருட நோட்டை எடுத்துப் புதுப்பக்கத்தில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். பேனா ஓரிடத்தில் நின்றுபோனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடம்தான் இன்றும் என்னைக் குத்துகிறது.

அடுத்த நான்கு மாதம் என் லீவு நாள் எல்லாம் அந்த ஷெட்டில் போனது. வெள்ளைக்காரரிடம் கெஞ்சி, பழைய எஞ்சினைத் திரும்ப வாங்கினேன். வாலை, பாகங்களோடு வந்த வரைபடத்தில் உள்ளபடி ஒரு நூல் பிசகாமல் புதிதாகச் செய்தேன். அதிகாரி வந்தார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அனுமதி கொடுத்தார். ஒரு மார்கழிக் காலையில் திலகன் அண்ணன் பறந்தார். கீழே நின்ற நான், விமானம் திரும்பி வந்து தரையைத் தொடும்வரை மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. இறங்கியவர் என் தோளில் கையைப் போட்டு, "வால் நல்லா வேலை செய்யுது தம்பி" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வீடியோ அதற்குள் ஊர்வரைக்கும் போய்விட்டது. லீவில் போனால் என் மச்சினன் பிள்ளைகள் மெத்தையில் தலைகீழாக நின்று, "மாமா வந்து இறங்கிட்டாரு!" என்று கத்துகிறார்கள்.

போன வாரம் புது மிக்ஸி வாங்கினோம். மூடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. லேசாக ஓரத்தைச் சீவினால் சரியாகிவிடும் என்று பிளேடைத் தேடினேன். அடுப்பைப் பார்த்தபடி நின்ற செல்வி, திரும்பாமலேயே சொன்னாள்.

"அதோட வாலையாவது விட்ருங்க."

"மிக்ஸிக்கு எங்கடி வால் இருக்கு?"

"நீங்க பிரிக்கிறதுக்கு முன்னாடி இருந்திருக்கும்."